மோதிரம் போட்டதும் பெண் சூப்பர் ஹீரோ ஆகும் பையன்: ஷீஸாவ் கார்ட்டூனை உங்கள் வீட்டில் எப்படிப் பார்த்தார்கள்?

விளாங்குடி_உமா

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், முழுதாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. கோடை விடுமுறையில் இரண்டு பேரும் ஷீஸாவ் என்ற கார்ட்டூனைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு மாதமாக வீட்டில் அந்தப் பேச்சுதான். தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கய் ஹாம்டன் பன்னிரண்டு வயதுப் பையன். கெல்லி அவனுடன் பிறந்த இரட்டை. இறந்துபோன ஆக்னஸ் ஆன்ட்டிதான் இத்தனை நாள் ஊரைக் காத்துவந்த ஷீஸாவ் என்பது பிறகுதான் தெரிகிறது. அவருடைய சக்தி மோதிரம் கெல்லிக்கு வந்து சேரவேண்டியது. கய் அதை விளையாட்டாக எடுத்து விரலில் மாட்டுகிறான், கழற்ற வரவில்லை. அன்றிலிருந்து 'யூ கோ கேர்ள்' என்று சொன்னால் போதும், பாவாடையும் பூட்ஸும் வந்து அவன் ஷீஸாவ் ஆகிவிடுவான். ஆயுதம் எல்லாம் லேசர் லிப்ஸ்டிக், ஆளை மறைக்கும் க்ரீம் இப்படித்தான். சக்தி இருப்பது தலைமுடியில், முடி கலைந்தால் போச்சு.

என் மாமியார் முதல் நாள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மாமனார் பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிட்டார். "ஆம்பளப் பிள்ளைக்குப் பாவாடையைக் கட்டிவிட்டு இது என்ன கதை" என்றார், அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. என் கணவர் இரண்டு பக்கமும் சேரவில்லை.

அதோடு போயிருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டேன். எங்கள் தெரு அம்மன் கோயில் முளைப்பாரி விழாவில் குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி உண்டு. ஒவ்வொரு வருடமும் இரண்டு பாரதியார், மூன்று வேலுநாச்சியார், எப்படியும் ஒரு முருகன் வந்துவிடுவார்கள். இந்த வருடம் நான் ஷீஸாவ் வேடம்தான் போடுவேன் என்று மகன் பிடிவாதமாக நிற்கிறான். அவனுக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை. பறக்கிற, அடிக்கிற, ஊரைக் காப்பாற்றுகிற ஆள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. தெருவில் என்ன பேசுவார்கள் என்ற பயம் எனக்குத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, உண்மையில் அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. முதல் வாரம் தம்பியோடு சேர்ந்து பார்த்த மகள், அப்புறம் எழுந்து போய்விட்டாள். ஏன்டி என்று கேட்டேன். "அந்த மோதிரம் கெல்லிக்கு வரவேண்டியதுதானே அம்மா, அவளுக்குத்தானே ஷீஸாவ் பற்றி எல்லாம் தெரியும், அப்புறம் ஏன் அவனே வைத்துக்கொண்டான்?" என்றாள். கழற்ற முடியவில்லை, அதுதான் கதை என்று சொன்னேன். "கதை எழுதினவங்கதானே கழற்ற முடியாதுன்னு எழுதினாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இதைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அந்த வேடத்தை நான் போட்டுவிடலாமா? மகளுக்கு என்ன சொல்வது?


மேலூர்_செல்வம்

சகோதரி, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். கார்ட்டூனில் கெட்டது எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, நீங்கள் எழுதியதற்குப் பிறகு இரண்டு எபிசோடு பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வேடம் போட்டு மேடையில் ஏற்றவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு நாடகம் போட்டோம். ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளி, அதனால் கண்ணகி வேடத்துக்கு என் பக்கத்துப் பெஞ்சுப் பையனைப் பிடித்தார்கள். பிரமாதமாக நடித்தான். அவன் சிலம்பை உடைத்தபோது தலைமையாசிரியரே எழுந்து நின்று கைதட்டினார். மறுநாள் காலையில் ஒருவன் 'கண்ணகி' என்று கூப்பிட்டான், மதியத்துக்குள் வகுப்பே கூப்பிட்டது. ஊருக்குள்ளும் அதே பெயர். நம் பக்கம் பட்டப்பெயர் ஒட்டினால் எளிதில் போகாது, உங்களுக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதுவும் ஒரு காரணம். நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன்தான். அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

உங்கள் பையனுக்கு வெட்கமில்லை என்கிறீர்கள், சந்தோஷம். அந்தக் கண்ணகிக்கும் முதல் நாள் வெட்கமில்லை. பிள்ளை வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் ஆடட்டும். ஊர் முன்னால் நிறுத்தும்போது ஊரைத் தெரிந்த நாம்தானே யோசிக்கவேண்டும்.


அலங்காநல்லூரான்

உமா அக்கா, இந்தக் கார்ட்டூனை யாராவது இங்கே பேசுவார்கள் என்று நினைக்கவே இல்லை. 2013-ல் வேலை காரணமாக அமெரிக்காவில் இருந்தேன், அங்கே இது பெரிய சண்டையாகவே நடந்தது.

இது ஆஸ்திரேலியாவும் கனடாவும் சேர்ந்து தயாரித்தது, உருவாக்கியவர் ஓபி ஸ்காட் வேட். ஆஸ்திரேலியாவில் 2012 கடைசியிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் 2013 ஜூன் 1-ம் தேதி ஹப் என்ற சேனலில் தொடங்கியது. பொம்மைகள் செய்யும் ஹாஸ்ப்ரோவும் டிஸ்கவரியும் சேர்ந்து நடத்திய சிறுவர் சேனல் அது. எதிர்ப்பு எப்போது கிளம்பியது தெரியுமா? முதல் எபிசோடு அங்கே ஒளிபரப்பாவதற்கு முன்பே. பழமைவாத இணையதளங்களில், பிள்ளைகளின் மூளையைக் குழப்புகிறார்கள், ஆண் பெண் வித்தியாசத்தையே அழிக்கிறார்கள் என்று கட்டுரைகள் வந்தன. ஒன் மில்லியன் மாம்ஸ் என்ற அமைப்பும் எதிர்த்தது. இன்னொரு பக்கம், இது பழைய வேஷ நகைச்சுவைதானே, பக்ஸ் பன்னி எத்தனை முறை கவுன் போட்டிருக்கிறது என்று கேட்டவர்கள். ஹப் சேனலின் தலைவர் மார்கரெட் லோஷ் என்ற பெண்மணி, முதலில் இந்த யோசனையைக் கேட்டதும் தனக்கே தூக்கிவாரிப்போட்டதாகவும், பார்த்தபின் வெறும் சிரிப்பாகத்தான் தெரிந்ததாகவும் அப்போது பேட்டியில் சொன்னார்.

என் அலுவலகத்தில் ஒருவர் தினமும் இதைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருந்தார். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன், பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன் என்றார். அவருடைய பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தது ஒவ்வொரு எபிசோடிலும் ஹீரோவுக்கு உதவியாளாக, புதுப்புது சைட்கிக் வேடம் கட்டிக்கொண்டு வரும் நண்பன் மாஸ்! பெரியவர்கள் பாவாடையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் அதைத் தாண்டி வேறு எங்கோ போய்விட்டார்கள்.

மொத்தம் 26 எபிசோடு, ஒரே சீசன். 2014 அக்டோபரில் சேனலே பெயர் மாறிவிட்டது. எந்த ஊரும் இடிந்துவிடவில்லை.

ஜப்பான்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ரன்மா என்ற காமிக்ஸ் 1987-ல் தொடங்கியது, அதில் வரும் பையன் பச்சைத்தண்ணீர் பட்டால் பெண் ஆவான், வெந்நீர் பட்டால் மறுபடி ஆண் ஆவான். எழுதியது ருமிகோ தகஹாஷி என்ற பெண். 2024-ல் அதைத் திரும்ப அனிமேஷனாக எடுத்தார்கள், முதல் தடவை பார்த்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுகிறார்கள்.


விளாங்குடி_உமா

செல்வம் அண்ணே, உங்கள் நண்பர் கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாமனார் மனதில் இருப்பதும் அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. அலங்காநல்லூர் தம்பி, எனக்கும் மாஸைத்தான் பிடிக்கும். மற்றவர்களும் எழுதுங்கள்.


ஹார்மோனியம்_பேரன்

அக்கா, எனக்கு இந்தக் கார்ட்டூன் நேற்றுத்தான் தெரியும். ஆனால் பெண் வேடம் போடும் பையனைப் பார்ப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டால், எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது.

எங்கள் தாத்தா ஸ்திரீபார்ட், அதாவது நாடகத்தில் பெண் வேடம் போடுகிறவர். சோழவந்தான் பக்கத்துக் கிராமம், 1926-ல் பிறந்தவர், ஒன்பது வயதில் பாய்ஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்து நாடக சபை தொடங்கினாரே, அந்த வழியில் அதற்குப்பிறகு முளைத்த எத்தனையோ கம்பெனிகளில் ஒன்று. எம்.ஜி.ஆர். இருந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சிவாஜி முதலில் போட்ட வேடங்களில் ஒன்று சீதை, அதுவும் இப்படி ஒரு சபையில்தான். ஆக, பிற்காலத்தில் தமிழ்நாடே ஆண்பிள்ளை என்றால் இவர்தான் என்று கொண்டாடியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று உங்கள் மாமனாருக்கும் தெரிந்திருக்கும்.

தாத்தாவுக்கு வாத்தியார் முதலில் கற்றுக்கொடுத்தது பாட்டு இல்லை, நடை. வைகைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களைத் தூரத்தில் இருந்து பார்க்கச்சொல்வாராம். இடுப்பில் குடம் இருக்கும்போது தோள் எந்தப் பக்கம் சாயும், குடம் காலியாக இருந்தால் கை எப்படி வீசும், இதையெல்லாம் அன்றைக்குச் சாயங்காலம் செய்துகாட்டவேண்டும். தப்பினால் பிரம்படி. தாத்தாவுக்கு ரொம்பப் பெயர் வாங்கிக்கொடுத்தது அரிச்சந்திரன் மனைவி சந்திரமதி வேடம். மயான காண்டத்தில் பாம்பு கடித்துச் செத்த மகனை மடியில் போட்டு அழும் இடம் வந்தால், மண்தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாரும் கூடச் சேர்ந்து அழுவார்களாம். மறுநாள் தெருவில் போனால் ஒரு கிழவி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஆத்தா, ராத்திரி பூரா நீ அழுதியே, கஞ்சி குடி" என்று கொடுத்தாராம். பத்து வயதுப் பையன், அரைக்கால் சட்டையோடு நிற்கிறான், அவனைப் பார்த்து ஆத்தா என்று. தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவார்.

நான் ஒருமுறை கேட்டேன், யாரும் கேலி செய்யவில்லையா என்று. சிரிக்கவைப்பது பபூன் வேலை, ஸ்திரீபார்ட்டைப் பார்த்து ஒருவன் சிரித்தால் நடிகன் தோற்றான் என்று அர்த்தம் என்றார். அதாவது ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது, எதற்குச் சிரிக்கவேண்டும் எதற்கு அழவேண்டும் என்று. அது எப்போது போனது? சினிமாவில் ஆண் புடவை கட்டினாலே அது காமெடி என்று ஆனபிறகு போயிருக்கும் என்பது என் எண்ணம். புடவை கட்டுவதையே சிரிப்பாக்கிவிட்டார்கள், கட்டிக்கொண்டு என்ன செய்கிறான் என்பது பின்னால் போய்விட்டது. செல்வம் அண்ணனின் நண்பனுக்கு நடந்ததும் அதுதான். மேடையில் கண்ணகி ஜெயித்தாள், வகுப்பறையில் தோற்றாள்.

அதனால் நான் இந்தக் கார்ட்டூனை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன், நேற்று ராத்திரி நான்கு எபிசோடு. லிப்ஸ்டிக், மேக்கப் வைத்து வரும் சிரிப்பு நிறைய, அதில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஷீஸாவாக அவன் வந்து நிற்கும்போது கதைக்குள் இருக்கும் ஊர்மக்கள் சிரிப்பதில்லை, காப்பாற்ற வந்துவிட்டாள் என்றுதான் பார்க்கிறார்கள். அது எனக்குப் போதும். முடி கலைந்தால் சக்தி போகும் என்பதைப் பார்த்ததும் தாத்தா நினைப்பு வந்துவிட்டது. சவுரி நழுவினால் சந்திரமதி போய்விடுவாள் என்பார். பதினாலு வயதில் மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் அவரை ஸ்திரீபார்ட்டில் இருந்து எடுத்துவிட்டார்கள், மூன்று நாள் சாப்பிடவில்லையாம். ஆனாலும் அந்தச் சவுரியை மட்டும் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்துவிட்டார். அவர் போனபிறகு டிரங்குப்பெட்டியில் துணி சுற்றி இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் நந்தனாராக நடித்தார், ஆண் வேடம், அந்தக் காலத்தில் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம்.

போட்டுவிடுங்கள் அக்கா. ஒன்று மட்டும் செய்யுங்கள், மேடையில் அவன் என்ன செய்யப்போகிறான் என்பதை நன்றாகப் பழக்கிவிடுங்கள். வெறுமனே வேடம் கட்டி நின்றால் பாவாடையைத்தான் பார்ப்பார்கள்.


கெல்லி_பக்கம்_நான்

எல்லாரும் பையனைப் பற்றியே பேசுகிறீர்களே, உமா அக்காவின் மகள் கேட்ட கேள்விக்கு யாரும் வரவில்லையே?

நான் கல்லூரி இரண்டாம் வருடம். இதைப் பள்ளியில் படிக்கும்போதே பார்த்திருக்கிறேன், எனக்கும் அதே கோபம் வந்தது. கெல்லிதான் ஷீஸாவின் பரம ரசிகை. வரலாறு, விதி, எதிரிகள் யார் யார், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கய்யுக்கு ஒன்றும் தெரியாது, அவள் சொல்லிக்கொடுத்துத்தான் ஒவ்வொரு முறையும் தப்பிக்கிறான். ஆனாலும் பறப்பது அவன், பெயர் அவனுக்கு. ஒரு பெண் சூப்பர் ஹீரோவாக இருக்கக்கூட பையனைத்தான் கொண்டுவரவேண்டுமா? ஆண் எப்படிப் பாவாடை கட்டலாம் என்று அமெரிக்காவில் சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டார்கள்?

சொந்தக் கதையும் சொல்கிறேன். கீழமாசி வீதியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. ப்ளஸ் ஒன்னில் இருந்து கணக்கு நோட்டு என் கையில், யார் எவ்வளவு பாக்கி, எந்த மண்டியில் வத்தல் என்ன விலை, எல்லாம் எனக்குத் தெரியும். கடைச்சாவியை அண்ணனிடம்தான் கொடுத்திருக்கிறார். அவன் நல்லவன், எனக்கு அவன்மேல் கோபமே இல்லை. கய் மேலும் இல்லை. சாவி ஏன் அங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

நம் ஊர்க் கதை இப்படி இல்லையே! பிள்ளை வேண்டும் என்று மலயத்துவச பாண்டியன் வேள்வி செய்தால் நெருப்பில் இருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை வந்து காஞ்சனமாலை மடியில் உட்காருகிறது. மூன்று முலையோடு பெண் வந்துவிட்டதே என்று ராஜா வருத்தப்படுகிறான். மகனுக்குச் செய்வதுபோல எல்லாச் சடங்கும் செய், முடிசூட்டு என்று அசரீரி சொல்கிறது. அதன்படி அந்தத் தடாதகைக்கு, அதாவது நம் மீனாட்சிக்கு, முடி சூட்டுகிறார்கள், அவள் திக்விஜயம் போகிறாள். இன்றைக்கும் சித்திரையில் மீனாட்சிக்குத்தான் பட்டாபிஷேகம், ஆவணியில் சொக்கரிடம் போகும்வரை நான்கு மாதம் மதுரையில் அவள் ஆட்சி. உமா அக்கா, உன் கேள்வி ரொம்பச் சரி என்று முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். சமாதானம் சொல்லாதீர்கள்.


வைகறை

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் திருநங்கை. மதுரைதான், ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை.

உமா அக்கா, உங்கள் மாமனாரோ தெருக்காரர்களோ, இந்த வேடம் போட்டால் பையன் இப்படி ஆகிவிடுவான் என்று என்னைப் போன்றவர்களைக் காட்டிப் பேசக்கூடும். அப்படிப் பேசினால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கார்ட்டூன் பார்த்து யாரும் திருநங்கை ஆவதில்லை. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வீட்டில் இருந்தது தூர்தர்ஷன் மட்டும்தான், 1997-ல் சக்திமான் வந்தது, தெருப்பையன்களோடு சேர்ந்து நானும் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். அப்போதும் உள்ளே நான் பெண்தான். உங்கள் பையன் ஒரு வார்த்தை சொல்லி மாறுகிற, திரும்ப வீட்டுக்கு வந்து சட்டை போட்டுக்கொள்கிற ஒரு கதாபாத்திரத்தை ரசிக்கிறான். இரண்டும் வேறு வேறு.

அதேசமயம் அவன் எதையாவது கவனித்துக்கொண்டிருப்பான் என்றால், அது டிவியை அல்ல, டிவி பார்க்கும் உங்களை. இதை என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். 90-களில் ஒரு பெரிய நடிகர் புடவை கட்டி மாமியாக வந்த படம் ஓடியபோது வீட்டில் எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். எனக்கு அந்த மடிசார் அவ்வளவு அழகாகத் தெரிந்தது, கொசுவத்தை எப்படி எடுத்துச் செருகுகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வேறு ஏதோ படத்தின் காமெடிக் காட்சி மாறி வந்தது, ஒருவன் கையை ஆட்டி ஆட்டி நடக்கிறான். அப்பா சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார், இங்கே எழுதமாட்டேன். அவர் என்னைச் சொல்லவில்லை, டிவியைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை எனக்குரியது என்று பத்து வயதில் எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த எட்டு வருடம் அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை.

படத்தை விடுங்கள். பிள்ளை பார்க்கும்போது பக்கத்தில் பெரியவர்கள் விடும் வார்த்தையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் சிரித்தார் என்றீர்களே, எந்த இடத்தில் சிரித்தார்? லேசர் லிப்ஸ்டிக்குக்குச் சிரித்தால் எனக்கு ஒன்றும் இல்லை. பொம்பளை மாதிரி நடக்கிறான் பார் என்று சிரித்தால் அதைப் பையனும் கேட்கிறான், பொம்பளையாக இருக்கும் உங்கள் மகளும் கேட்கிறாள்.

கார்ட்டூனைப் பற்றி எனக்கு இரண்டு எண்ணமும் இருக்கிறது. எங்கள் தோழிகளில் சிலருக்கு இது பிடிக்கும், அந்த உடை வந்ததும் சக்தி வருகிறது என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். சிலருக்கு எரிச்சல், பெண் உடை என்பதைத் தண்டனை மாதிரிக் காட்டுகிறார்கள் என்று. நான் பார்த்தவரை ஆரம்பத்தில் அவனுக்கு அது தண்டனைதான், போகப்போக அப்படி இல்லை.

செல்வம் அண்ணன் சொன்ன ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் ஒரே மாதிரி நிற்பதில்லை. இதே ஊரில் அனுப்பானடியில் பிறந்த பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அம்மாவுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், திருநங்கை ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் முறை. அதே வருடம் ஏப்ரலில் நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு அலுவலகத்தில் பக்கத்து மேஜை அக்கா எனக்கு மல்லிகைப்பூ வாங்கிவந்து கொடுத்தார்.


மேலூர்_செல்வம்

வைகறை தங்கச்சி, நீங்கள் எழுதியதை மனைவியிடமும் படித்துக்காட்டினேன். என் பயம் போகவில்லை, ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு பையனைத் தடுப்பதா, கூப்பிடுகிற பிள்ளைகளைத் தடுப்பதா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. அன்றைக்கு எங்கள் வகுப்பில் ஒரு வாத்தியார் ஒரே ஒரு அதட்டுப் போட்டிருந்தால் நாங்கள் நிறுத்தியிருப்போம்.


விளாங்குடி_உமா

எல்லாருக்கும் நன்றி. போட்டி போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மகளிடம் போய், நீ கேட்டது சரிதான், கெல்லிக்குத்தான் வந்திருக்கவேண்டும் என்றேன். இவ்வளவு நாள் கழித்தா சொல்கிறாய் என்பதுபோல் பார்த்தாள். அப்புறம் அவளே தம்பிக்கு நடிக்கச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். ஹார்மோனியம் தம்பி சொன்னதுபோல் வேடத்தைவிடச் செய்கையை நிறையப் பழக்கினோம். இரண்டு நிமிடம், மேடையில் எரியும் வீட்டில் இருந்து ஒரு பாட்டியைத் தூக்கிவரவேண்டும், பாட்டி என் மாமியாரின் பழைய புடவையைச் சுற்றிய தலையணை.

உடை தைக்கக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். முன்னே புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள்தான், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் கட்டுகிறவர்களுக்கு எல்லாம் தைப்பார்களே, அவர்கள். படத்தைக் காட்டினேன். யாருக்கு என்று கேட்டார், மகனுக்கு என்றேன். அளவு எடுத்துக்கொண்டே, பாவாடைக்கு உள்ளே டவுசர் வைத்துத் தைத்துவிடவா, குதிக்கிற பிள்ளைக்கு வசதியாக இருக்கும் என்றார். அது ஒன்றுதான் அவர் கேட்டது.

மாமனாரிடம் நானே போய்ப் பேசினேன். சித்திரைத் திருவிழாவில் ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய உட்கார்ந்து தசாவதாரம் பார்க்கிறவர் அவர், விடியும்போது அழகர் பெண் கோலத்தில் மோகினியாக வந்தால் முதல் ஆளாகக் கையெடுத்துக் கும்பிடுவார். அதைச் சொல்லி மடக்கலாம் என்று நினைத்துத்தான் போனேன், சொல்ல மனது வரவில்லை. என்ன பயம் மாமா என்று மட்டும் கேட்டேன். செல்வம் அண்ணன் சொன்னதையேதான் சொன்னார், அவருடைய சித்தப்பா மகன் ஒருவருக்கு அப்படி ஒரு பெயர் ஒட்டி, கடைசிவரை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார்களாம். சரி, போட்டிக்கு அவர் வரவில்லை. டீக்கடைக்குப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "பாட்டியை ஒழுங்காத் தூக்கினானா?" என்று கேட்டார்.

பரிசு இல்லை, ஒரு வேலுநாச்சியார் வாங்கிவிட்டாள். இறங்கும்போது பெரிய பையன் ஒருவன் ஏதோ சொன்னான். மகன் திரும்பி, நான் ஷீஸாவ், உனக்குத் தெரியாதா என்று அவனுக்கு முழுக்கதையும் சொல்லத் தொடங்கிவிட்டான், அவனும் நின்று கேட்டான். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறேன்.

மோதிரம் விளக்குத்தூண் பக்கம் ஃபேன்ஸி கடையில் வாங்கியது, பெரியதாக இளஞ்சிவப்புக் கல் வைத்தது. அன்று ராத்திரி அவன் விரலில் இருந்து வரவே இல்லை, அழத் தொடங்கிவிட்டான். மகள்தான் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து மெதுவாகத் திருகித் திருகிக் கழற்றினாள். கழற்றிய கையோடு தன் விரலில் போட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சரியாக இருந்தது, இன்னும் போட்டிருக்கிறாள்.